விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம்

“மனித குலம் பேசிய வரலாறு இன்றோடு இரண்டாகப் பிரிகிறது. நமக்கு முன்பு, நமக்குப் பின்பு” என்று அறிவித்துவிட்டு டெரன்ஸ் டோனட்டைக் கடித்தார். சர்க்கரைத் தூள் மீசையில் ஒட்டிக்கொண்டது. அவர் துடைத்து முடிக்கும்வரை வரலாறு காத்திருந்தது.

வின்னிபெக் நகரில் ஒரு சலவை நிலையத்தின் மேல்மாடியில் இருந்தது அவருடைய நிறுவனம். கீழே இயந்திரம் வேகமாகச் சுற்றினால் மேலே மேஜை நடுங்கும். நிறுவனம் என்றால் முதலாளி டெரன்ஸ், நிரல் எழுதும் நெஸ்டர், வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் மாரிசெல், அவ்வளவுதான். சரக்கும் எளிமையானது. கடைக்காரர்கள் தங்கள் இணையப் பக்கத்தில் ஒரு பொத்தானை வைத்துக்கொள்ளலாம். பக்கத்துக்கு வருகிறவர் அதை அழுத்தினால் கணினியிலிருந்தே பேசலாம். பொத்தானின் நிறம், வடிவம், இடம், அது எந்தத் தொலைபேசி எண்ணுக்கு அடிக்க வேண்டும் என்பதெல்லாம் கடைக்காரர் இஷ்டம். டெரன்ஸ் இதற்கு வைத்திருந்த பெயர் ‘உரையாடலின் மக்களாட்சி’.

மக்களாட்சியில் முதலீடு செய்யலாமா என்று பார்க்க, டொரொன்டோவிலிருந்து ஓர் அம்மையார் வந்து எதிரே உட்கார்ந்திருந்தார்.

நெஸ்டரின் காதில் எதுவும் ஏறவில்லை. அவன் மனம் சொந்த ஊரான டாஃபினில் இருந்தது. அங்கே வீட்டில் அப்பா தனியாக இருக்கிறார். இலையுதிர் காலத்தில் அம்மா இறந்துவிட்டாள். வீட்டில் பேச்சு என்று ஒன்று இருந்ததே அவளால்தான். அதன் பிறகு அவன் கூப்பிட்டால் அப்பா ஒரு ‘ம்’ போடுவார், ‘சரி’ என்பார், வைத்துவிடுவார். சில வாரங்களாக அந்த ‘ம்’மும் கிடைக்கவில்லை. நேரில் போகலாம் என்றால் இரண்டு வாரக் கடைசியிலும் பனிப்புயல், நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள்.

மாரிசெல் பக்கத்தில் குனிந்தாள். “இன்னிக்காவது எடுத்தாரா?”

“எங்க எடுக்கறது. எப்ப அடிச்சாலும் பிசி. ரிசீவரைக் கழட்டிக் கீழ வெச்சுட்டார் போல.”

பக்கத்து வீட்டு ஓல்கா சொன்னதையும் அவளிடம் சொன்னான். வாசலில் பனியை வழித்துத் தள்ளிக்கொண்டே இருப்பாராம். திடீரென்று மண்வெட்டியைப் போட்டுவிட்டு, யாரோ துரத்துகிற மாதிரி உள்ளே ஓடிவிடுவாராம். ஆள் சரியில்லை, வந்து பார் என்றிருக்கிறாள் ஓல்கா.

“எங்கப்பா மணிலாலேருந்து தினம் ரெண்டு மணி நேரம் பேசறார்” என்றாள் மாரிசெல். “பாதியை வேணா நீ எடுத்துக்கோ.”

அவன் சிரிக்கவில்லை. “கூட்டம் முடிஞ்சதும் டெரன்ஸ்கிட்ட சொல்லிடப் போறேன். வேலையை விட்டுட்டு அவரோடயே போய் இருந்துடறேன்.”

“நீ போனா டெரன்ஸுக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணக்கூட ஆள் வேணுமே” என்றவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் கையை அழுத்தினாள்.

அதற்குள் டெரன்ஸ் பாராட்டுகளுக்கு வந்திருந்தார். பொத்தானைக் கடைகளுக்குக் கொடுத்துச் சில வாரங்களே ஆகின்றனவாம். அதற்குள் ஜனங்கள் உருகிப் போகிறார்களாம். பல் மருத்துவரின் இணையப் பக்கத்தில் அழுத்திய ஒரு பெண், பல்வலி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் பயம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறாளாம். சிலர் ஒன்றும் வாங்குவதற்கில்லாமலே மறுநாளும் அழுத்துகிறார்களாம்.

“டயர் விலை கேக்கறதுக்கு இருபது நிமிஷமா பேசறாங்க?” என்று அம்மையார் அழைப்புக் கணக்கைப் பார்த்து வியந்தார்.

“எல்லாம் அந்த வளைவு” என்றார் டெரன்ஸ், குரலைத் தாழ்த்தி. “பொத்தானோட ஓரத்துல இருக்கே, அந்த வளைவு. எட்டு மாசம் அதுக்காகத் தூங்கல நான். பார்த்த உடனே மனுஷனுக்கு மனசைத் திறக்கத் தோணும்.”

எட்டு மாதமும் அவர் நன்றாகத் தூங்கினார் என்பது, அலுவலகத்திலேயே அவர் விட்ட குறட்டையைக் கேட்ட மாரிசெல்லுக்குத் தெரியும்.

அம்மையார் தானே ஒரு தடவை அழுத்திப் பார்க்க விரும்பினார். டெரன்ஸ் கணினியைப் பெருமையோடு அவர் பக்கம் திருப்பி, டயர் கடையின் பக்கத்தைத் திறந்து வைத்தார். இதுதான் சமயம் என்று நெஸ்டர் எழுந்தான். இது முடிந்ததும் சொல்லிவிட்டு, அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

அம்மையார் அழுத்தினார். நாலைந்து தடவை மணி அடித்தது. யாரோ மூச்சிரைக்க எடுத்தார்கள்.

“சொல்லுங்க. டயரா, பல்லா, கல்யாணக் கேக்கா?”

அம்மையார் தடுமாறி, “டயர்” என்றார்.

“டயர்னா கவலையே படாதீங்க. கடை நம்பர் என்கிட்ட இருக்கு, நானே அவங்ககிட்ட சொல்லிடறேன். அதுவரைக்கும் இந்தப் பனியில வண்டியை எடுக்காதீங்கம்மா. கூட யாராவது இருக்காங்களா? சாப்பிட்டாச்சா? அவசரம் இல்லன்னா பேசிட்டிருங்க, நான் எங்கயும் போகல.”

எழுந்து நின்ற நெஸ்டர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தான். அந்தக் குரல் சேர்ந்தாற்போல் இத்தனை வார்த்தை பேசி அவன் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

“அப்பா” என்றான்.

சோதனை அழைப்புகளை அம்மா ஆசையாக எடுத்துப் பேசுவாள் என்று, கடைகளுக்குக் கொடுக்கும் மாதிரிப் பக்கத்தில் அவன் போட்டு வைத்திருந்தது டாஃபின் வீட்டு எண். கடைக்காரர்கள் பொத்தானின் நிறத்தை மாற்றினார்கள், இடத்தை மாற்றினார்கள், அந்த வளைவையும் எடுத்துவிட்டுச் சதுரமாக்கினார்கள். எண்ணை மட்டும் ஒருவரும் மாற்றவில்லை.