குந்தியின் வெறுங்கை

"கர்ணனைக் கொடுத்த சூரியனுக்கு ஊரெல்லாம் கும்பிடு. பெத்தவளுக்கு மட்டும் இந்த வெறுங்கையா?"

பாலம்மாளுக்கு மூச்சு வாங்கியது. மதராஸில் பி.ஏ. படிக்கிறவள். கோடை லீவுக்கு ராஜபாளையம் வந்து பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. அதற்குள் அப்பா கட்டிய பிரசவ ஆஸ்பத்திரியில் காலங்காத்தாலே சண்டை.

சண்டை, பின்வாசலில் நின்ற வெண்கலக் குந்தியைப் பற்றி. யுத்தம் முடிந்த வருஷம் மதராஸ் சிற்பி ஒருவர் புதுப் பாணியில் வார்த்தது. கண் இல்லை, மூக்கு இல்லை, நகை இல்லை. நெஞ்சுக்கு முன்னால் வளைந்த இரண்டு பெரிய கைகள். அவற்றில் பிள்ளையும் இல்லை.

"வெண்கலம் பத்தாமப் போச்சோ என்னமோ, தாயி. மூஞ்சியவே காணோம்" என்றான் காவல்காரன் சின்னக்கருப்பன்.

"சும்மா இரும். பிள்ளையை ஆத்துல விட்டுட்டு நிக்கிற கோலம் இது. காலத்துக்கும் அவளைக் குத்திக்காட்டணும்னே வார்த்திருக்காங்க. முன்வாசல்ல இருந்தவளை, விளக்குகூட இல்லாத இந்த மூலைக்குத் தள்ளினது யாரு?"

"நாந்தேன், தாயி" என்றாள் நர்ஸ் சந்தனமேரி.

சொல்லிக்கொண்டே, சிலையின் கைகளுக்குள் கிடந்த பழந்துணியை எடுத்துவிட்டு, துவைத்த துணி ஒன்றை மெத்தையாக மடித்து வைத்தாள்.

"சிலைக்குக் குளிருதாக்கும்?"

சந்தனமேரி துணியின் ஓரங்களை நீவிவிட்டாள்.

"நாளைக்கு வார்ப்புக்காரர் வாரார். வெண்கலத்துல ஒரு பிள்ளையைச் செஞ்சு, இவ கையிலேயே பத்தவைக்கச் சொல்லிட்டேன். அப்பாவும் சரின்னுட்டாங்க. அவ பிள்ளை அவகிட்டயே இருக்கட்டும்."

சந்தனமேரி கைகூப்பினாள்.

"வேண்டாம் தாயி. உங்களக் கும்பிடுதேன்."

"ஏன்? பெத்தவ கையில பிள்ளை இருந்தா உங்களுக்கு என்ன வலிக்குது?"

சின்னக்கருப்பனை முன்வாசலுக்கு அனுப்பிவிட்டு, சந்தனமேரி அந்தப் பழந்துணியை நீட்டினாள்.

பாலம்மாள் வாங்கினாள். ஈரம். தாய்ப்பால் வாசம்.

உள்ளே தொட்டிலில் ஒரு பச்சைப்பிள்ளை வீரிட்டது.

"விடியுமுன்னே இவ கையிலதான் கெடந்துச்சு. யாரு பெத்த மகளோ, வயிறு நெறயப் பால் குடுத்து, தூங்கவச்சுட்டுப் போயிருக்கா." சந்தனமேரி வெண்கலக் கைகளைத் தொட்டுக் காட்டினாள். "இந்தக் கைய நெறச்சுட்டா, இனிமே வாரவ முன்ன மாதிரி பிள்ளையோட கெணத்துக்கில்ல தாயி போவா?"