வீங்கின கால்

கண்ணாடிப் பெட்டிக்குள்ளே ஒரு தாடி ஓணானும் ஒரு தண்ணீர்க் கிண்ணமும் குடியிருந்தன. வீட்டுக்காரி இளவேனி வரும்போதெல்லாம், "சாப்பிட்டியாடா தங்கம்?" என்று கேட்டுப் புழு ஊட்டிவிட்டுப் போவாள்.

ஓணானின் கால்மூட்டு உருண்டையாய்ப் பருத்தது.

"கொழுகொழுன்னு ஆயிட்டான்" என்று பூரித்து, அவள் இன்னும் ரெண்டு புழு ஊட்டினாள்.

"அது சதை இல்லைடா, வீக்கம். நொண்டிக் காட்டு, அவளுக்குப் புரியும்" என்றது கிண்ணம்.

"புழுவை நிறுத்திட்டா அவ என்கிட்ட எதுக்கு வருவா?" என்று ஓணான் வலியை மறைத்துக்கொண்டது.

ஒருநாள் அதனால் எழுந்திருக்கவே முடியவில்லை. இளவேனி மூட்டைத் தொட்டதும் வலியில் அதன் கழுத்துத் தாடி கறுத்தது. பதறிப்போய் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"கழிவு உப்பு மூட்டுல தங்கிடுச்சும்மா. இது கௌட்ங்கிற மூட்டு நோய். மருந்து தர்றேன், விடாமக் குடுங்க. புழுவைக் குறைச்சுக் கீரை குடுங்க. தண்ணி நிறையப் போகணும்" என்றார் அவர்.

இப்போதெல்லாம் இளவேனி அதை மடியில் போட்டுக்கொண்டு, வாயோரம் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விடுகிறாள். "தண்ணி குடிச்சியாடா தங்கம்?" என்கிறாள். வீக்கமும் வடிந்துவருகிறது.

"என்கிட்டயும் ஒரு வாய் குடிக்கலாம்ல?" என்றது கிண்ணம்.

"மெதுவாப் பேசு. நானாக் குடிப்பேன்னு தெரிஞ்சா மடியிலிருந்து இறக்கி விட்டுடுவா" என்றது ஓணான்.