கால் வழுக்கின இடம்

பழைய பியானோ ஒன்றின் மூடியை யாரோ திறந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அணில் அதன் கட்டைகள்மேல் மனம் போனபடி ஓடிப் பார்த்தது. எழுந்த இசை அதற்கே பிடித்துப்போகவே, கிளியையும் பல்லியையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டியது.

கிளி ஆரம்பத்திலிருந்தே, "மோகனமா? இல்லையே, ஹம்சத்வனியோ?" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது. முடிந்ததும், "இது என்ன ராகம்?" என்றது.

"தெரியலையே. அப்படியே வந்தது," என்றது அணில்.

"பேர் தெரியாம எப்படி ரசிக்கிறது?" கிளி பறந்துவிட்டது.

அணிலின் வால் தொங்கிப்போனது. இனி இந்தப் பக்கமே வரக் கூடாது என்று இறங்கப் பார்த்தது.

"நடுவுல ஒரு இடத்துல நின்னியே," என்றது சுவரிலிருந்த பல்லி. "அப்ப என் வாய்க்கு நேரா ஒரு பூச்சி வந்தது. பிடிக்க மறந்துட்டேன்."

"ஐயோ, அது கால் வழுக்கின இடம்."

"இருக்கட்டுமே. இன்னொரு தடவை வழுக்கித்தான் காட்டேன்."

அணிலுக்கு அப்பாடா என்றிருந்தது. திரும்ப வாசிக்கப்போகும்போது, வெளியே மரத்திலிருந்து சீட்டிச் சத்தம் கேட்டது. கிளிதான். அணில் வாசித்ததைத் தன்னையறியாமல் பாடிக்கொண்டிருந்தது, கால் வழுக்கின இடத்தையும் விடாமல்.