இரண்டாவது படம்

விற்கும் நாடும் வாய் திறக்காது, வாங்கும் நாடும் வாய் திறக்காது. அதனால் போர் நடக்கும் ஊர்களிலிருந்து வரும் படங்களைப் பார்த்துத்தான், எந்த நாடு எவ்வளவு ஆயுதம் ஏற்றுமதி செய்திருக்கும் என்று வாசுகி மதிப்பிடுவாள். ஒற்றைப் படத்தை நம்பி எதையும் கணக்கில் சேர்க்கக் கூடாது, அதே ஊரிலிருந்து இரண்டாவது படமும் வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் விதி. இந்த முறை வந்த படத்தில் ஒரு குண்டு வெடிக்காமல் தெருவில் பாதி புதைந்து நின்றது. அதன் வாலில் அவள் வெகுநாளாகத் தேடிய நாட்டின் முத்திரை. பின்னால் ஒரு மாடியில், மஞ்சள் பூப்போட்ட நீலப் போர்வையை ஒரு பெண் உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள், கீழே குண்டு நிற்பது ஒரு பொருட்டே இல்லை என்பதுபோல. “இன்னும் ஒண்ணே ஒண்ணு கெடைச்சாப் போதும் எட்வின்,” என்று பக்கத்து மேசைக்காரனிடம் வாசுகி ஓயாமல் புலம்பினாள். ஆண்டறிக்கை அச்சுக்குப் போகும் நேரம். கோயிலுக்குப் போனபோதுகூட அதையே வேண்டிக்கொண்டாள்.

படம் வந்தது. எட்வின்தான் முதலில் திறந்தான். “அதே முத்திரை மேடம். நீங்க கேட்டது கெடைச்சிருச்சு.” இடிபாடுகளுக்கு நடுவே வால் துண்டு மட்டும் பளிச்சென்று கிடந்தது. “ஆனா அதே ஊருதான்னு எப்படிச் சொல்றது? ஒரு கட்டடம்கூட மிச்சமில்லையே.”

படத்தின் ஓரத்தில், தெருவில் எதையோ மூடிக் கிடந்த நீலப் போர்வையின் மஞ்சள் பூக்கள்மேல் வாசுகியின் விரல் நின்றுவிட்டது.

“அதே ஊர்தான்,” என்றாள்.

“அப்ப சேத்துரலாமா மேடம்?”

வாசுகி முதல் படத்தை மீண்டும் திறந்து, மாடியில் போர்வை உதறும் பெண்ணின் முகத்தைப் பெரிதாக்கினாள்.