மெத்தென்ற தரை

லாயத்துக்குள் தடாலென்று சத்தம். குதிரைக்காரர் ஓடினார். சிமென்ட் தரையில் வழுக்கி விழுந்த குதிரை, முன்னங்காலைத் தாங்கித் தாங்கி எழுந்து நின்றது.

“இந்தத் தரை வழுக்குதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே முதலாளி. இன்னொரு தடவை விழுந்தா இதுக்குக் காலே போயிடும்.”

முதலாளி அன்றைக்கே தரை போடும் மேஸ்திரியை வரவழைத்துவிட்டார்.

“கோடு போட்ட கான்கிரீட் போதும் சார், வழுக்காது.”

“வேண்டாம்ப்பா. இருக்கறதிலேயே தடிமனான ரப்பரா போடு. மெத்துமெத்துன்னு இருக்கணும்.”

குதிரைக்காரருக்குக் கண் கலங்கியது. இவரையா கல்நெஞ்சுக்காரர் என்று இத்தனை நாள் கரித்துக்கொட்டினோம்?

“முற்றம் முழுக்கவும் போட்டுடு.”

“குதிரை நிக்கறது உள்ளே. முற்றத்துக்கு எதுக்கு சார்?”

முதலாளி குரலைத் தாழ்த்தினார்.

“ஞாயித்துக்கிழமை குதிரையை வாங்க வர்றவர் அங்கதான் நடக்கவிட்டுப் பார்ப்பார். சிமென்ட்ல நடந்தா நொண்டறது தெரிஞ்சிடும்.”