பந்தி மண்டபத்து ஸ்பீக்கர்

செயலாளர் பெத்துராஜ் சங்கக் கூட்டத்து மேடையில் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தார்.

அடுத்தது சங்கத்துப் பெண்கள் விடுதியை விற்கிற விஷயம் என்று அவர் ஆரம்பித்ததும் மொத்த மண்டபமும் ஊமையாகிப்போனது.

மைக்கைத் தட்டினார். ஊதினார். ஒரு ஸ்பீக்கரும் மூச்சு விடவில்லை.

எல்லோரும் ஆம்ப்ளிஃபயர் பக்கம் திரும்பினார்கள். ஜெயசித்ரா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த மண்டபத்துக்குப் புதிதாக ஸ்பீக்கர் மாட்டி ஒயர் இழுத்தது அவள்தான். அந்த விடுதியில் தங்கித்தான் இந்த வேலைக்கான படிப்பையும் படித்தாள்.

பொம்பளைப் பிள்ளையை நம்பி வேலையைக் கொடுத்தால் இப்படித்தான் என்று தலைவர் சங்கரசுப்பிரமணியன் பல்லைக் கடித்தார்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

தேரடியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் பாண்டியராஜ் முன்வரிசையிலிருந்து வந்து ஒயர்களைத் தடவிப் பார்த்தார். பார்த்ததும் சிரித்துவிட்டார். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி லைன் கொடுக்காமல், சீரியல் பல்பு மாதிரி ஒன்றோடு ஒன்றைக் கோத்து வைத்திருக்கிறாள், ஒன்று கழன்றால் எல்லாம் போய்விடும், படித்த பிள்ளை செய்கிற வேலையா இது என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

மண்டபம் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டாள்.

"ஆமா அண்ணாச்சி, ஒண்ணு கழண்டுதான் கிடக்கு. செயலாளர் காலடியில பாருங்க."

பாண்டியராஜ் மேஜை விரிப்பைத் தூக்கினார். பந்தி மண்டபத்து ஸ்பீக்கருக்குப் போகிற ஒயர் பெத்துராஜின் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது.

சங்கத்துப் பெண்கள் உட்காருகிற இடம் பந்தி மண்டபம். அவர்களும் சந்தா கட்டுகிறவர்கள், கை தூக்க உரிமை உள்ளவர்கள். போன வருஷம் தையல் பள்ளியை மூடுகிற பேச்சு வந்தபோதும் அங்கே மட்டும் ஸ்பீக்கர் நின்றுபோனது. லைன் கோளாறு என்றார்கள். தீர்மானம் நிறைவேறிய சேதியே சாப்பாடு பரிமாறும்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு அங்கே காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்களில் ஜெயசித்ராவும் ஒருத்தி.

பெத்துராஜ் இருமினார். வேறு வழியில்லாமல் ஒயரைத் தன் கையாலேயே மாட்டினார்.

எல்லா ஸ்பீக்கரும் ஒன்றாக உயிர் பெற்றன. விடுதியை விற்கிற விஷயம் என்று மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு.

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்ற ஆறுமுகத்தாய், விற்கக் கூடாது என்று அப்போதே கையைத் தூக்கிவிட்டாள்.

இந்தக் கோணல் வேலையை நாளைக்கே மாற்றி முறையாகச் செய்துவிட வேண்டும் என்று தலைவர் அடிக்குரலில் உறுமினார்.

ஜெயசித்ரா எழுந்து வந்து மைக்கை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"இவங்களுக்கும் இங்கன நாற்காலி போடுங்க அண்ணாச்சி. அன்னைக்கே மாத்தித் தாரேன்."