கடிக்கக் கூடாத மீன்

கடைக்கார அம்மாள் தட்டை வைத்துவிட்டுப் போகாமல் எதிரிலேயே நின்றாள்.

தட்டில் கண்ணாடி மாதிரி ஒரு கட்டி. தொட்டால் ஆடியது. அதற்குள் தோலோடு ஒரு மீன் துண்டு. ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்ததால் தட்டுகூடச் சில்லென்றிருந்தது.

மீன் என்றால் சூடாக, மசாலாவோடு மட்டுமே பார்த்துப் பழகியவன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

பக்கத்தில் அறைத்தோழன். இந்த நாட்டுக்குப் படிக்க வந்த நாள் முதல் குக்கரும் சோறும் ஊறுகாயுமாக நிம்மதியாகக் காலத்தை ஓட்டுகிறவன். இன்றைக்கு வேடிக்கை பார்க்க மட்டும் கூட வந்திருந்தான்.

"டேய் சாப்பாட்டு ராமா, நீ படிக்க வந்தியா, திங்க வந்தியா?" என்று அவனைச் சீண்டினான்.

கல்லூரியில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்குமே அவன் சாப்பாட்டு ராமன்தான். மதிய இடைவேளை விட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. சந்து சந்தாக நுழைவான். மொழி புரியாத கடையில் உட்கார்ந்து, பக்கத்து மேசைத் தட்டைக் கையால் காட்டி, அதே வேண்டும் என்பான்.

உண்மையில் சின்ன வயதிலிருந்தே அவனைச் சாப்பிட வைப்பது பெரும்பாடு. ரசத்தில் கிடக்கும் கறிவேப்பிலையைக்கூடப் பரம விரோதியைப் போலப் பார்த்து ஒதுக்குவான்.

ஆசையெல்லாம் அப்பாவுடையது.

கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் மொய் எழுதுகிற இடத்துக்குப் போகாமல் நேரே சமையல்கட்டுக்குப் போய், குழம்புக்குப் போட்டது புதுப் புளியா என்று விசாரிக்கிற மனிதர் அவர். மகன் விமானம் ஏறும்போது ஒரே நிபந்தனைதான் போட்டார். தினமும் ஒன்று சாப்பிட வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதாகவும், அவன் இதுவரை வாயில் வைக்காததாகவும் அது இருக்க வேண்டும். இங்கே மதியம் என்றால் வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரம். சரியாக அப்போது போனில் சொல்ல வேண்டும்.

ஒப்புக்குச் சொன்னால் போதாது. 'நல்லாருந்தது' என்பது அப்பாவுக்குப் பதிலே இல்லை. கடித்தபோது சத்தம் வந்ததா, நாக்கில் எந்த இடத்தில் உறைத்தது, விழுங்கிய பிறகு வாயில் என்ன மிச்சம் இருந்தது, எல்லாம் வேண்டும். கேள்விகள் அம்மா மூலமாகத்தான் வரும். எந்த வீட்டில்தான் அப்பா மகனோடு நேரே பேசுகிறார் என்று அறைத்தோழன் நினைத்துக்கொண்டான்.

போன வாரம் பரீட்சை நெருக்கடியில் அவனால் வெளியே போக முடியவில்லை. இணையத்தில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டதாக அளந்து விட்டான். அப்பா பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டார். கையைத் தூக்கி, போதும் என்று காட்டினாராம். அன்று அவர் அரை வயிற்றோடு படுத்துவிட்டார் என்று அம்மா மறுநாள் சொன்னாள். இவ்வளவு கோபம் ஆகாது என்றான் அறைத்தோழன். அவனுக்கோ அன்றைக்கு முழுக்கப் படிப்பில் மனம் ஓடவில்லை.

ஆகவே இந்த மீனைச் சாப்பிட்டே தீர வேண்டும்.

ஸ்பூனால் வெட்டி வாயில் போட்டு, கடிக்கப் போனான். கடைக்கார அம்மாள் மேசையை விரலால் தட்டினாள். தன் வாயை இறுக்கி மூடிக் காட்டினாள். பிறகு கண்ணையும் மூடிக்கொண்டு சும்மா நின்றாள்.

கடிக்கக் கூடாது. காத்திருக்க வேண்டும்.

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தான். சாப்பிட வந்த வேலையாட்கள் கசகசவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் இதை வாயில் வைத்ததும் ஒவ்வொருவரும் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். எதிரே இருந்தவரும் பதிலுக்கு அவசரப்படவில்லை.

முதலில் வெறும் குளிர்தான். குமட்டியது. மூச்சை அடக்கிக்கொண்டான்.

பிறகு கட்டியின் ஓரங்கள் கரைந்தன. உப்பு வந்தது. உப்புக்குப் பின்னால் ஒரு புளிப்பு. எலுமிச்சை இல்லை, ஏதோ இலை. முழுக்கக் கரைந்து மீன் மட்டும் நாக்கில் உட்கார்ந்தபோது லேசான புகை வாசனை மூக்குக்கு ஏறியது. துண்டு தானாகவே இழை இழையாகப் பிரிந்தது. பல்லுக்கு வேலையே இல்லை.

கடைக்கார அம்மாள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

இரண்டாவது துண்டை அவன் அப்பாவுக்காக எடுக்கவில்லை. அது புரிந்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

வெளியே வந்து சுவரோரம் நின்று வீட்டுக்கு வீடியோ கால் போட்டான். அம்மா போனை எதன்மீதோ சாய்த்து வைத்தாள். கட்டிலின் ஓரமும் அப்பாவின் முழங்கையும் தெரிந்தன.

அவனுக்கு ஆர்வம் தாங்கவில்லை. குளிர், உப்பு, இலை, புகை என்று மூச்சுவிடாமல் கொட்டினான். அறைத்தோழன் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரித்தான். பிறகு அந்தச் சிரிப்பு நின்றது.

"மெதுவாச் சொல்லுப்பா," என்றாள் அம்மா. "இன்னும் பாதிக் கஞ்சிகூட ஊத்தல. வயித்துக் குழாய்ல வேகமா ஊத்தினா அப்பாவுக்குப் புரட்டும்."

தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அப்பாவின் வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இறங்கியதில்லை.

அம்மா டம்ளரைச் சாய்க்காமல் பிடித்தபடி காத்திருந்தாள். அவன் முதல் வாயிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தான்.